கடை வேண்டாம் என்று யார் சொல்வது?

2015 ஜூலை 31. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில் காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிரிழந்தார். பூரண மதுவிலக்கு கேட்டு ஊர் ஊராகப் போய் உண்ணாவிரதம் இருந்தவர் அவர். அன்றைக்கு அவர் கேட்டதோ மிகச் சிறிய ஒன்று. பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு டாஸ்மாக் கடையை அங்கிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சாவுக்குப் பிறகு மாநிலம் முழுக்கப் போராட்டம் பரவியது. கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் மதுவிலக்கு பெரும்பாலான கட்சிகளின் அறிக்கையில் ஏறியது. அ.தி.மு.க. படிப்படியாக என்றது, தி.மு.க. முழுமையாக என்றது. பெரிய கேள்வி மேடையேறியதும் சின்னக் கேள்வி எங்கோ போய்விட்டது. ஓர் ஊரில், ஒரு தெருவில் மதுக்கடை இருக்கலாமா என்று முடிவு செய்யும் உரிமை யாருடையது? மாநிலமே குடியை விட வேண்டுமா என்று எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடிக்கொண்டிருக்கிற நாம், இதற்கு ஒழுங்கான விடை தேடியதே இல்லை. மதுவிலக்கு வேறு, கடையின் இடம் பற்றிய உள்ளூர் அதிகாரம் வேறு. முதலாவதை ஏற்காதவர்கூட இரண்டாவதை ஏற்கலாம். நான் அப்படிப்பட்டவன். இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில் ஆதாயம் அரசுக்கு, இழப்பு ஊராட்சிக்கு.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 5-ஆவது இனம் உள்ளாட்சி, 8-ஆவது இனம் மது. இரண்டும் மாநிலத்தின் கையில். 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என்று 29 துறைகள் பதினோராவது அட்டவணையில் வரிசையாக எழுதப்பட்டன. குடிநீர் உண்டு, கால்நடை உண்டு, சந்தையும் திருவிழாவும் உண்டு. மது இல்லை. ஆகவே தமிழ்நாட்டில் ஒருவர் ஊருக்குள் வீடு கட்ட ஊராட்சியின் வாசலுக்கு வர வேண்டும்; அரசு அதே ஊரில் மதுக்கடை வைக்க வர வேண்டியதில்லை.

இதற்கு மத்தியச் சட்டத்தில் நாட்டின் ஒரு பகுதிக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. 1996-இல் பழங்குடிப் பகுதிகளுக்கென்று நாடாளுமன்றம் இயற்றிய பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம், மதுவிலக்கை அமல்படுத்தவோ மது விற்பனையைக் கட்டுப்படுத்தவோ கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் தரச் சொல்கிறது. பெசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சட்டம் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் பழங்குடியினர் வாழ்கிறார்கள், ஆனால் அந்த மலைகள் அட்டவணையில் சேர்க்கப்படவில்லை. சத்தீஸ்கரிலோ ஜார்க்கண்டிலோ உள்ள ஒரு பழங்குடிக் கிராம சபைக்குச் சட்டம் தரச் சொல்லும் உரிமை இங்கே எவருக்கும் கிடையாது.

தமிழ்நாட்டில் இருப்பது தூரம். 2003-ஆம் ஆண்டின் சில்லறை மது விற்பனை விதிகளில் 8-ஆவது விதி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை கூடாது என்கிறது. நகரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று குறிக்கப்பட்ட இடங்களுக்கு அதிலும் தளர்வு. 50 மீட்டர் என்பது மாநகரப் பேருந்து நான்கைந்து வரிசையாக நின்றால் முடிந்துவிடும் நீளம். பேருந்து நிறுத்தம், நியாயவிலைக் கடை, அங்கன்வாடிக்குப் போகும் பாதை, பெண்கள் இரவு வேலை முடிந்து திரும்பும் தெரு எதுவும் இந்தக் கணக்கில் வராது. நாடாவைப் பிடித்து அளப்பவர் அரசு ஊழியர், கடை நடத்துவது அரசு நிறுவனம், ஒப்புதல் தருவது மாவட்ட ஆட்சியர். விற்பவரும் கண்காணிப்பவரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

அந்த வீடு எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-க்குள் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-இல் கருணாநிதி அரசு அதை நிறுத்தி வைத்தது, 1974-இல் திரும்பக் கொண்டுவந்தது. எம்.ஜி.ஆர். 1981-இல் கள், சாராயக் கடைகளைத் திறந்தார், 1987-இல் மூடினார். இடையே 1983-இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் அதற்கே கொடுத்தார். இந்த வரலாற்றில் எத்தனை திறப்பு, எத்தனை மூடல்! ஒவ்வொன்றும் கோட்டையில் எடுத்த முடிவு, பெரும்பாலும் மாநிலம் முழுமைக்கும். எந்த ஊரையும் யாரும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

2003-க்கு முன் கடைகள் ஏலத்தில் தனியாருக்குப் போயின. ஏலம் எடுத்தவரோடு ஊர் மல்லுக்கு நிற்க முடிந்தது. அரசு நடுவராக நிற்பதுபோலாவது ஒரு தோற்றம் இருந்தது. டாஸ்மாக் வந்த பிறகு ஊரின் எதிர்த்தரப்பே அரசு என்றாகிவிட்டது. மனு கொடுக்கும் இடமும் அதுதான், மனு யாருக்கு எதிராகக் கொடுக்கப்படுகிறதோ அந்த இடமும் அதுதான்.

இப்போது கிராம சபைக்கு வருவோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு நாட்கள் கூடிக்கொண்டிருந்தது. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறாயின. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால் கூட்டம் செல்லும். வந்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் என்பது கூட்டத்தை ஒருமுறை பார்த்தவருக்கே தெரியும். பள்ளி வளாகத்திலோ கோயில் திடலிலோ பந்தல் போட்டிருக்கும். ஊராட்சிச் செயலர் வரவு செலவை வாசிப்பார். ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். குடிநீர், தெருவிளக்கு, தொகுப்பு வீடு எல்லாம் முடிந்த பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கடையைப் பற்றிப் பேசுவார். அதற்குமுன் யாரும் பேசியதற்குக் கிடைக்காத சத்தத்தில் கூட்டம் ஆமோதிக்கும்.

அடுத்து நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. சில ஊர்களில் தீர்மானம் பதிவேட்டில் ஏறும். சில இடங்களில் "இது நம்ம அதிகாரத்துல வராதும்மா, தனியா மனுவா எழுதிக் குடுங்க" என்ற பதில் வரும். பதிவேட்டில் ஏறினாலும் நகல் வட்டார வளர்ச்சி அலுவலகம் வழியாக ஆட்சியரிடம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கு அறிக்கை கேட்டு அனுப்பப்படும். மேலாளர், தூர விதி மீறப்படவில்லை என்று பதில் எழுதுவார். கோப்பு முடிந்தது. தீர்மானத்துக்குப் பரிந்துரையின் மதிப்பு உண்டு, கட்டளையின் மதிப்பு கிடையாது. தூர விதிக்குள் அடங்கிய கடையை ஊரே எதிர்த்தால் என்ன செய்வது என்ற கேள்வியில் நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசியதில்லை. மக்களின் எதிர்ப்பைக் கணக்கில் எடுக்கச் சொன்ன உத்தரவுகளும் உண்டு, விதி மீறப்படாதபோது குறுக்கிட முடியாது என்றவையும் உண்டு.

போராடி வென்ற ஊர்களும் இருக்கின்றன. வைகோவின் ஊரான கலிங்கப்பட்டியில் ஊராட்சி தீர்மானம் போட்டும் கடை நகரவில்லை. 2015 ஆகஸ்டில் தொண்ணூறு வயதைத் தாண்டிய அவருடைய தாயார் மாரியம்மாளே கடைமுன் வந்து உட்கார்ந்தார். தடியடி, கண்ணீர்ப்புகை, வழக்கு எல்லாம் ஆன பிறகே கடை மூடப்பட்டது. ஒரு கட்சித் தலைவரின் சொந்த ஊருக்கு இவ்வளவு தேவைப்பட்டது என்றால் பெயர் தெரியாத ஊர்களின் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளலாம்.

2017-இல் கடையின் இடம் பற்றிய கேள்வி தமிழ்நாட்டின் முகத்தில் அறைந்தது. சில இடங்களில் நிஜமாகவே. பா.ம.க.வின் வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. 20,000 பேருக்கு உட்பட்ட உள்ளாட்சிகளில் இந்தத் தூரம் 220 மீட்டராகப் பின்னர் குறைக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 1 காலையில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் திறக்கவில்லை. சாலை விபத்தைக் குறைக்க எழுதிய தீர்ப்பு அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சாலையோரத்தில் இருந்த கடைகளுக்கு அடுத்த இடம் எது? ஊருக்குள்ளே. நெடுஞ்சாலையில் குடித்தவர்கள் இப்போது குடியிருப்புத் தெருவில் குடிக்கத் தொடங்கினார்கள்.

அந்த ஏப்ரல், மே மாதங்களில் மாவட்டம் தவறாமல் பெண்கள் கடைகளை முற்றுகையிட்டார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஏப்ரல் 11 அன்று போராடிய பெண் ஒருவரைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. மே 1 கிராம சபைகளில் தீர்மானங்கள் குவிந்தன. அப்போது ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை என்பதை இன்று பலர் மறந்திருப்பார்கள். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோய், 2019 டிசம்பர் வரை தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். அரசு ஊழியர் தலைமையில் கூடிய சபை, அரசின் கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. தலைவர் இருந்தால்தான் ஊர் பேசும் என்று சொல்பவர்களுக்கு அந்த மே 1 நல்ல பதில்.

அரசின் பதில் வேறு மாதிரி இருந்தது. நகரங்களுக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகள் என்று பெயர் மாற்றினால் கடைகளைப் பழைய இடத்திலேயே திறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டது. அது வழக்காகி உயர் நீதிமன்றத்தில் தடைபட்டது. பிறகு உச்ச நீதிமன்றமே, நகர எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று 2017 ஜூலையிலும், ஊராட்சிப் பகுதிகளில் எது போதுமான அளவு வளர்ந்த பகுதி என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்று 2018 பிப்ரவரியிலும் கயிற்றைத் தளர்த்தியது. தூரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்து வடக்கன் பரவூர் தந்த காட்சியை மறக்க முடியாது. நெடுஞ்சாலையோரத்தில் இருந்த மதுக்கூடம் ஒன்று, வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகும் சுவர்ப்பாதையைக் கட்டி நடக்கும் தூரத்தைக் கூட்டிக்கொண்டது. கடை ஓர் அடிகூட நகரவில்லை. விதி மட்டும் நிறைவேறிவிட்டது.

மற்ற மாநிலங்கள் இதை எப்படிக் கையாண்டன? இங்கேதான் நமக்கு நிறையப் பாடம் இருக்கிறது, பெரும்பாலும் நம் ஊடகங்கள் கண்டுகொள்ளாத பாடம்.

மகாராஷ்டிரத்தில் 2008-ஆம் ஆண்டின் ஆணைப்படி ஒரு கிராமத்திலோ நகர வார்டிலோ உள்ள பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால், கடையை மூடுவதா வேண்டாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குச் சீட்டில் எழுத்தைவிடப் படம்தான் பேசும். நிமிர்ந்து நிற்கும் பாட்டில் என்றால் கடை இருக்கட்டும். படுத்திருக்கும் பாட்டில் என்றால் மூடு. மராத்தியில் அதை 'ஆட்வி பாட்லி' என்பார்கள். அந்த இயக்கத்துக்கே அதுதான் பெயராகிவிட்டது. பெண்களுக்கு மட்டுமான வாக்கெடுப்பை அந்தப் பெண்களே கேட்டு வாங்கலாம் என்பது இந்த ஆணையின் பெரிய பலம். பலவீனமும் உண்டு. வாக்களித்தவர்களில் பாதி போதாது, பட்டியலில் உள்ள பெண்களில் பாதிக்கு மேல் மூடு என்று குத்த வேண்டும். வேலைக்குப் போனவர், மணமாகி வெளியூர் போனவர், இறந்தும் பட்டியலில் இருப்பவர் எல்லாரும் கடைக்கு ஆதரவாக வாக்களித்த கணக்கில்தான் வருவார்கள். இந்த அளவுகோலில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் தேர்தல் நடந்தால் எத்தனை பேர் ஜெயிப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ராஜஸ்தானில் இதற்கான விதி 1975-இலேயே வந்துவிட்டது, ஆனால் நெடுங்காலம் தூங்கியது. 2016 மார்ச்சில் ராஜ்சமந்த் மாவட்டத்துக் காச்பலி கிராமத்தில் வாக்கெடுப்பு நடந்து, மிகப் பெரும்பான்மையோர் கடை வேண்டாம் என்றதும்தான் அந்த விதிக்கு உயிர் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பஞ்சாப். 1994-ஆம் ஆண்டின் பஞ்சாப் ஊராட்சிச் சட்டத்தில் 40-ஆவது பிரிவு, ஊராட்சி உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையே தீர்மானம் போட்டு ஆயத்தீர்வை ஆணையருக்கு அனுப்பினால், அடுத்த ஏப்ரல் முதல் அந்த ஊரில் மதுக்கடை இல்லை என்கிறது. நிதியாண்டு தொடங்குமுன் உரிமம் ஏலம் விடப்படுகிறது என்பதால் இந்தக் கால அட்டவணை. அரசுக்கும் கணக்குப் போட அவகாசம் கிடைக்கிறது. கூடவே ஒரு நிபந்தனை. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த ஊரில் கள்ளச்சாராயம் காய்ச்சியதாகவோ கடத்தியதாகவோ ஆணையர் கருதினால், காரணத்தை எழுத்தில் பதிந்து தீர்மானத்தை ஒதுக்கலாம். சங்ரூர் மாவட்டத்தில் ஆண்டுதோறும் பல ஊராட்சிகள் இந்தப் பிரிவின்கீழ் தீர்மானம் அனுப்பியிருக்கின்றன. கள்ளச்சாராயக் காரணம் காட்டி அதிகாரிகள் மறுத்ததும் உண்டு, ஊர்கள் நீதிமன்றம் போனதும் உண்டு. இருந்தாலும் அங்கே சண்டை சட்டத்துக்குள் நடக்கிறது. இங்கே சண்டை ஷட்டருக்கு முன்னால் நடக்கிறது.

கேரளம் எதிர்த்திசையில் போன உதாரணம். ஊராட்சிச் சட்டத்தின் 232-ஆவது பிரிவும் நகராட்சிச் சட்டத்தின் 447-ஆவது பிரிவும் மதுக்கடைக்கு உள்ளாட்சியின் இசைவு வேண்டும் என்றன. காங்கிரஸ் கூட்டணி ஆட்சி 2012-இல் உயிர்ப்பித்த இந்த அதிகாரத்தை இடதுசாரி ஆட்சி 2017-இல் அவசரச் சட்டம் போட்டு எடுத்துவிட்டது. அதிகாரப் பரவலுக்கு மக்கள் திட்டம் என்று பெயர் சூட்டி நாட்டுக்கே வழிகாட்டிய இயக்கம், மது என்று வந்ததும் ஊராட்சியிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நெடுஞ்சாலைத் தீர்ப்பால் இடம்பெயர்ந்த கடைகளுக்கு அவசரமாக இடம் தேவைப்பட்ட ஆண்டு அது என்பதைச் சேர்த்துப் படித்தால் காரணம் விளங்கும்.

வெளிநாடுகளில் இதற்கு நீண்ட மரபு உண்டு. ஸ்காட்லாந்தில் 1913-ஆம் ஆண்டின் சட்டம் வாக்காளர்களுக்கு மூன்று வழிகளைத் தந்தது: கடையே வேண்டாம், எண்ணிக்கையைக் குறை, இப்படியே இருக்கட்டும். முதலாவது வெல்ல வாக்களித்தவர்களில் 55 சதவீதமும் மொத்த வாக்காளர்களில் 35 சதவீதமும் வேண்டும். 1920 முதல் வாக்கெடுப்புகள் நடந்தன. கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிர்கின்டிலாக் நகரம் 1960-களின் கடைசிவரை மதுக்கடை இல்லாமலே இருந்தது. அமெரிக்காவில் இன்றும் மது விற்காத மாவட்டங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் தரும் வேலையை நீதிபதிகளிடமிருந்து நகர மன்றங்களுக்கு மாற்றியது. ஆனால் ஸ்காட்லாந்தின் இப்போதைய சட்டத்தில் இருக்கும் பொதுச் சுகாதாரம் என்ற நோக்கம் இங்கிலாந்துச் சட்டத்தில் இல்லை. அதனால் ஒரு தெருவில் குடிநோய் பெருகுகிறது என்பது மட்டுமே அங்கே உரிமத்தை மறுக்கப் போதுமான காரணமாகாது.

நியூசிலாந்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகாரம் ஏட்டில் இருந்தால் போதாது என்பதற்கு அது சாட்சி. 2012-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு நகர மன்றமும் தனக்கென்று மதுக் கொள்கை வகுக்கலாம் என்றது. ஆக்லாந்து மன்றம் 2015-இல் வகுத்தது. கடைகள் இரவு 9 மணிக்கு மேல் விற்கக் கூடாது என்பது அதில் முக்கியமான ஒன்று. நாட்டின் இரண்டு பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை ஏறி 2023-இல்தான் மன்றத்துக்குச் சாதகமாக முடிந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் இந்தக் கொள்கைகள் மீதான மேல்முறையீட்டு வழியையே எடுத்துவிட்டது. அங்கே ஊர் எதிர்கொண்டது பணமுள்ள தனியாரை. இங்கே எதிர்கொள்வது பணம் தேவைப்படும் அரசை.

எவ்வளவு பணம்? டாஸ்மாக் மூலம் ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியுமாக அரசுக்கு வந்தது 2022-23-இல் 44,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-இல் 45,800 கோடிக்கு மேல். இந்தத் தொகையை முன்னால் வைத்துக்கொண்டு கிராம சபைக்கு அதிகாரம் கொடு என்று கேட்பது பகல் கனவு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஓர் ஊரில் கடை மூடப்பட்டால் அந்த ஊரின் விற்பனை முழுக்க ஆவியாகிவிடாது. ஒரு பகுதி பக்கத்து ஊர்க் கடைக்குப் போகும். அரசே 2016-இல் 500, 2017-இல் 500, 2023-இல் 500 என்று கடைகளை மூடிக் கடை எண்ணிக்கையை ஐயாயிரத்துக்குக் கீழே கொண்டுவந்திருக்கிறது. வருவாய் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. எந்த 500 என்பதைக் கோட்டை தேர்ந்தெடுக்கலாம், ஊர் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு நிதிக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கள்ளச்சாராயம் பற்றிய அச்சத்தை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல். ஆனால் கள்ளக்குறிச்சி கடை இல்லாத ஊரல்ல. அரசு சரக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், அதைவிட மிக மலிவாகப் பாக்கெட் கிடைத்தது. அதற்குக் காவல்துறையின் பாராமுகமும் துணை. கடை மூடியதால் வந்த சாவு என்று அதைச் சொல்ல முடியாது. கடை இருப்பதே காப்பு என்ற வாதமும் அங்கே தோற்றது.

உண்மையான தொல்லை சந்துக்கடை. தருமபுரி, சேலம், நாமக்கல் பக்கம் இந்தப் பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டாஸ்மாக்கில் குவார்ட்டர் பாட்டில்களைப் பெட்டிக் கணக்கில் வாங்கிவந்து, ஊருக்குள் ஒரு வீட்டுத் திண்ணையிலோ பெட்டிக்கடைக்குப் பின்னாலோ விலை ஏற்றி விடியற்காலையிலேயே விற்பது. சட்டப்படியான கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். சந்துக்கடைக்கு நேரம் கிடையாது. ஊராட்சி தீர்மானம் போட்டுக் கடையை மூடிய மறுவாரம் இரண்டு சந்துக்கடை முளைத்தால் அந்த ஊர்ப் பெண்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? மூடும் அதிகாரத்தோடு, சந்துக்கடை பற்றிய புகாரைப் பதிந்து விசாரிக்க வைக்கும் அதிகாரமும் கிராம சபைக்குச் சேர்ந்து வர வேண்டும். பஞ்சாப் சட்டத்தின் நிபந்தனையை நான் மதிப்பது இதனால்தான். கடை வேண்டாம் என்று சொல்லும் ஊர் தன் தெருவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அது கேட்கிறது. இன்னொரு பின்வாசல் மனமகிழ் மன்றம். கடை போன இடத்தில் உறுப்பினர்களுக்கு மட்டும் என்ற பலகையோடு மன்றம் வந்து உட்காரும். தீர்மானம் கடையைப் பற்றி மட்டும் பேசினால் மன்றம் தப்பிவிடும்.

சாதியைப் பேசாமல் கிராம சபையைப் பேச முடியாது. ஊரின் விருப்பம் என்பது பல இடங்களில் ஊர்த்தெருவின் விருப்பம். கோயில் பக்கம் வேண்டாம், காலனிப் பக்கம் போகட்டும் என்று கையைத் தூக்கச் சொன்னால் எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருக்கும் தலித் மக்கள் தோற்பார்கள். இதைக் காரணம் காட்டி அதிகாரமே கொடுக்கக் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் ஆட்சியர் அலுவலகம் இடம் தேர்ந்தெடுக்கும்போதும் எதிர்ப்பு குறைவாக வரும் பக்கம்தான் கடை போய்ச் சேருகிறது. கை தூக்குவதற்குப் பதில் மகாராஷ்டிரம்போல ரகசிய வாக்கெடுப்பு இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். தீர்மானத்தில் 'மூடு' மட்டுமே இருக்கலாம், 'அங்கே மாற்று' இருக்கக் கூடாது என்று விதித்தால் இன்னும் கொஞ்சம் தீரும்.

கடையால் வரும் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். கடையைச் சுற்றியுள்ள வயல்களில் வரப்போரம் உடைந்த பாட்டில் சில்லு கிடக்கும். நாற்றுப் பறிக்க வெறுங்காலோடு இறங்கும் பெண்ணின் பாதம் அதைக் கண்டுபிடிக்கும். நீலகிரியில் காட்டு விலங்குகள் மிதிக்கின்றன என்று உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-இல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. யானையின் காலுக்குக் கிடைத்த இந்தக் கவனம் சமவெளி விவசாயக் கூலிப் பெண்ணின் காலுக்குக் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. சில்லைப் பொறுக்குவது ஊராட்சித் தூய்மைக் காவலர். அவர் கூலியும் ஊராட்சிக் கணக்கில்.

நகரவாசிகளின் நிலைமை இன்னும் மோசம். கிராம சபை என்ற மேடையாவது ஊராட்சிக்காரர்களுக்கு இருந்தது. சென்னையின் ஒரு வார்டில் குடியிருப்பவருக்கு 2022 வரை அதுவும் இல்லை. அந்த ஆண்டு வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்து, நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடின. சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை பேசப்படுகின்றன. மது அங்கே பேசுபொருளாவதற்கு விதியில் இடமில்லை, பேசினால் கேட்க வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை.

இதை மாற்ற என்ன வேண்டும்? மதுக்கடை விதிகள் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் அரசு அறிவிப்பாக வெளியிட்டவை. 8-ஆவது விதியில் தூரத்தோடு ஊரின் இசைவையும் சேர்க்கச் சட்டமன்றத்தைக் கூட்ட வேண்டியதில்லை. அரசிதழில் ஒரு திருத்தம் போதும். வாக்காளர்களில் கால்வாசிப் பேரோ பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேரோ கேட்டால் ரகசிய வாக்கெடுப்பு. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் போதும் என்ற அளவுகோல். முடிவு அடுத்த நிதியாண்டிலிருந்து. மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடி கேட்க வாய்ப்பு. கடையைத் திரும்பக் கேட்கவும் ஊருக்கு உரிமை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது வேறு பெயரில் வரும் மதுவிலக்கு. ஊராட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மாநிலம் இது. ஆனால் 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது அந்த இடங்களுக்குத் தேர்தல் நடத்தாமல், 2016-ஐப் போலவே தனி அலுவலர்களிடம் பதிவேடுகள் ஒப்படைக்கப்பட்டன.